செஞ்சிக் கோட்டைப் படிகளும் உடம்பின் சக்திக் கணக்கும்

செஞ்சி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜன் கதைதான். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையை ஒரு சிறு கூட்டத்தோடு எதிர்த்து நின்று உயிரை விட்ட இளைஞன் அவன். தெருக்கூத்திலும் நாட்டுப்பாடலிலும் இன்றும் வாழ்கிறான். ஆனால் கோட்டைக்கு நேரில் போய் ராஜகிரி மலையில் ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேசிங்கு ராஜனுக்கு முன்னால் அவர்கள் சொல்வது வேறு ஒன்று. "பாதியிலேயே மூச்சு வாங்கிவிட்டது. மறுநாள் தொடை இரண்டும் கழன்று விழுவதுபோல வலி!"

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. சாதாரண ஆள் ஏறி முடிக்க ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். இந்த ஒரு மணி நேரத்தில் உடம்புக்குள் நடப்பது என்ன? காலையில் சாப்பிட்ட இட்லி எப்படிக் காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்கிறது?

கேட்க எளிமையான கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண ஐரோப்பாவின் பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கு 150 வருடங்கள் பிடித்தன. கடைசியில் முக்கியமான பூட்டைத் திறந்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்த மாணவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

மூச்சை எதிரியாக்கிய கோட்டை

செஞ்சிக் கோட்டை ஒரே கோட்டை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில்கள் ஓடுகின்றன. ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன்னால் சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு இருக்கிறது. அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. சில பேர் நின்றாலே ஒரு படையைத் தடுத்துவிடலாம்.

மதிலும் பாலமும் இருக்கட்டும். இந்தக் கோட்டையின் முதல் ஆயுதம் அதன் சரிவுதான். ஆயுதங்களைச் சுமந்துகொண்டு ஏறி வரும் வீரன், மேலே காத்திருக்கும் வீரனைச் சந்திக்கும்போது ஏற்கெனவே பாதி தோற்றிருப்பான். அவன் கால் தளர்ந்திருக்கும், மூச்சு வாங்கும், கை நடுங்கும். கோட்டை கட்டியவர்களுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் மனித உடம்பு எந்த இடத்தில் களைத்துப்போகும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

கோட்டைக்குள்ளே அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அருகில், இரண்டு கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். ஒன்று பெரிய நெற்களஞ்சியம். இன்னொன்று உடற்பயிற்சிக் கூடம். ஒன்றில் சக்திக்கான சரக்கு. இன்னொன்றில் அந்தச் சரக்கைப் பயன்படுத்தப் பழகும் இடம். மலை உச்சியிலும் ஒரு களஞ்சியம் உண்டு. அங்கே வற்றாத சுனையும் உண்டு. முற்றுகை என்று வந்தால் சண்டையைவிடச் சோறுதான் முடிவு செய்யும் என்பது அந்தக் காலத்து அனுபவம்.

அந்த அனுபவத்தைச் செஞ்சியே ஒருமுறை உலகத்துக்குக் காட்டியது. சிவாஜி 1677-ல் பிடித்த இந்தக் கோட்டையில்தான் அவருடைய மகன் ராஜாராம் பின்னாளில் தஞ்சம் புகுந்தார். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டார். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல... 1698 வரை இழுத்தது! இடையில் வேடிக்கையான ஒரு திருப்பமும் நடந்தது. மராட்டியக் குதிரைப்படைகள் வெளியிலிருந்து வந்து முகலாயர் கூடாரத்துக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்துவிட்டன. முற்றுகையிட வந்தவர்களே முற்றுகைக்குள் சிக்கிப் பசியால் தவித்தார்கள். 1693-ன் தொடக்கத்தில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மறுபடி வந்துதான் கோட்டையைப் பிடித்தார்.

படைக்குச் சோறு வேண்டும் என்பது எல்லாத் தளபதிகளுக்கும் தெரியும். ஆனால் சோறு எப்படிப் பலமாகிறது? அதை அப்போது உலகத்தில் எவருமே அறிந்திருக்கவில்லை.

எரியும் விளக்கும் மூச்சு விடும் மனிதனும்

முதல் சரியான அடியை எடுத்து வைத்தவர் பிரான்ஸ் நாட்டு லவாய்சியர். விளக்கு எரியும்போது ஆக்சிஜன் செலவாகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது, வெப்பம் உண்டாகிறது. மனிதன் மூச்சு விடும்போதும் இதே மூன்றும் நடக்கின்றன. அப்படியானால் உடம்புக்குள் நடப்பதும் ஒரு மெதுவான எரிதல்தானே? 1790 வாக்கில் அவர் தன் உதவியாளர் செகுவினை வைத்தே சோதனை செய்தார். செகுவின் சும்மா உட்கார்ந்திருந்தபோது செலவான ஆக்சிஜனைவிட, காலால் ஒரு மிதியை மிதித்து வேலை செய்தபோது செலவான ஆக்சிஜன் பல மடங்கு அதிகமாக இருந்தது. உடற்பயிற்சியின் சக்தியை மனிதன் முதன்முதலாக அளந்தது அப்போதுதான்.

லவாய்சியரால் ஆராய்ச்சியை முடிக்க முடியவில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் 1794 மே 8 அன்று அவருடைய தலை வெட்டப்பட்டது. விஞ்ஞானத்துக்காக அல்ல, அரசுக்கு வரி வசூலித்துக் கொடுத்த நிறுவனத்தில் அவர் பங்குதாரராக இருந்ததற்காக!

சரி, எரிவது தெரிந்துவிட்டது. எரியும் விறகு எது? ஜெர்மானிய வேதியியல் மேதை லீபிக் 1842-ல் ஒரு பதில் சொன்னார். தசை புரதத்தால் ஆனது. ஆகவே தசை வேலை செய்யும்போது தன்னுடைய புரதத்தையே எரித்துக்கொள்கிறது. உழைக்கிறவன் இறைச்சி சாப்பிட்டால்தான் பலம். லீபிக் சொன்னால் மறுப்பவர் யார்? இருபது வருடங்களுக்கும் மேலாக இதுவே பாடமாக இருந்தது. "கறி சாப்பிட்டால்தான் உடம்பில் தெம்பு" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? லீபிக் சொன்னதும் ஏறக்குறைய அதையேதான்.

எட்டு ராஜகிரி உயரத்தில் ஒரு சோதனை

லீபிக்கின் கருத்தைச் சோதிக்க இரண்டு பேர் ஒரு மலையில் ஏறினார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் பேராசிரியர்களாக இருந்த பிக், விஸ்லிசெனஸ் என்பவர்கள்தான் அந்த இருவர். நாள் 1865 ஆகஸ்ட் 30. மலையின் பெயர் பால்ஹார்ன். ஏறிய உயரம் 1,956 மீட்டர். அதாவது ராஜகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு முறை அடுக்கி வைத்த உயரம்.

மலையேறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே அவர்கள் புரதம் இல்லாத உணவையே சாப்பிட்டார்கள். மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை மட்டும்தான். புரதம் உடம்பில் எரிந்தால் அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் வந்துதான் ஆக வேண்டும். ஆகவே ஏறுவதற்கு முன்னும், ஏறும்போதும், ஏறிய பின்னும் சிறுநீரைச் சேகரித்து அளந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், எரிந்த புரதம் அந்த உயரத்துக்கு அவர்களைத் தூக்கப் போதவே போதாது. பிராங்க்லண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அடுத்த வருடம் உணவுப் பொருள்களின் எரிசக்தியை அளந்து காட்டியதும் சந்தேகம் தீர்ந்தது. தசைக்கு முக்கியமான விறகு மாவுச்சத்தும் கொழுப்பும்தான்!

இதே கணக்கை ராஜகிரிக்கும் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 240 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையை உயரத்தாலும் புவியீர்ப்பு அளவாலும் பெருக்கினால் சுமார் 1,41,000 ஜூல் வருகிறது. உணவுக் கணக்கில் சொன்னால் வெறும் 34 கலோரி. ஒரு இட்லிக்கும் குறைவு! ஆனால் மனித உடம்பு அவ்வளவு சிக்கனமான இயந்திரம் அல்ல. செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி எல்லாம் வெப்பமாகப் போய்விடும். ஏறுபவர் சட்டை நனைய வியர்ப்பது அதனால்தான். ஆகவே உண்மைச் செலவு சுமார் 140 முதல் 170 கலோரி வரை. மூன்று நான்கு இட்லி என்று வைத்துக்கொள்ளலாம்.

விறகு எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் விறகுக்கும் வேலைக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்க வேண்டுமே! தசைக்குள் நெருப்பு எரியவில்லை. பிறகு எப்படி அது சுருங்குகிறது?

தவளைக் கால் சொன்ன பாதி உண்மை

1907-ல் கேம்பிரிட்ஜில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் தவளையின் கால் தசையை ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் தசையை வேலை வாங்கினால் அதில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ஆக்சிஜன் கொடுத்தால் அது குறைகிறது என்று கண்டார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம்தான் இது.

இதைத் தொடர்ந்து பிரிட்டனில் ஹில்லும் ஜெர்மனியில் மேயர்ஹாபும் ஆராய்ந்தார்கள். தசையில் உள்ள கிளைகோஜன் என்ற மாவுச்சத்து உடைந்து லாக்டிக் அமிலமாகும்போதுதான் தசை சுருங்குகிறது என்பது அப்போதைய முடிவு. இருவருக்கும் 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 'ஆக்சிஜன் கடன்' என்ற சொல்லும் ஹில் கொடுத்ததுதான். ஓடி முடித்த பிறகும் சிறிது நேரம் மூச்சு வாங்குகிறதே, அது ஓடும்போது வாங்கிய கடனை அடைப்பது என்றார்.

நோபல் பரிசே கிடைத்துவிட்டது, பிறகென்ன? விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒருவர் கப்பல் ஏறினார்.

சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஹார்வர்டுக்கு

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருந்தாலும் அன்று சென்னை மாகாணத்தின் ஊர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறையாகத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதராடையில் அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார் சுப்பாராவ். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அரசு மருத்துவப் பணிக்கான வழி அடைபட்டது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். அவருடைய சகோதரர்கள் இருவரைக் குடலை அரிக்கும் 'ஸ்புரூ' என்ற நோய் பலி வாங்கியிருந்தது. அதற்கு அப்போது மருந்தே இல்லை. ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டும் என்ற வேகம் அவருக்குள் இருந்தது.

மாமனாரின் பண உதவியோடும் ஒரு அறக்கட்டளையின் ஆதரவோடும் 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். செலவுக்கு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பிறகு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்து, சைரஸ் பிஸ்க் என்பவரோடு ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வேலை கவர்ச்சியானது அல்ல. ரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறை கண்டுபிடிப்பது. 1925-ல் அதை வெளியிட்டார்கள். கரைசலில் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறை அது. பிஸ்க் - சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகமெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த சோதனை.

இந்த முறையைப் பூனையின் தசையில் பயன்படுத்தியபோது ஒரு சின்ன உறுத்தல். நீல நிறம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. தசைக்குள் பாஸ்பேட்டை விடாமல் பிடித்து வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் பொருள் ஏதோ ஒன்று இருந்தது. வேறொருவராக இருந்தால் சோதனைப் பிழை என்று விட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. 1927-ல் அந்தப் பொருள் பிடிபட்டது. அதன் பெயர் பாஸ்போகிரியேட்டின். ஓய்வில் இருக்கும் தசையில் அது நிறைய இருக்கிறது. தசையை வேலை வாங்கினால் குறைகிறது. ஓய்வு கொடுத்தால் மறுபடி நிறைகிறது. அதே வருடம் லண்டனில் எக்கிள்டன் தம்பதியும் தவளைத் தசையில் இதே பொருளைக் கண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1929-ல், அடுத்த கண்டுபிடிப்பு. தசையில் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்ற பொருள் இருப்பதை பிஸ்க்கும் சுப்பாராவும் அறிவித்தார்கள். அதே வருடம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

1930-ல் கோபன்ஹேகனில் லுண்ட்ஸ்கார்ட் செய்த சோதனை விஷயத்தைத் தெளிவாக்கியது. லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி தசைக்கு ஒரு நஞ்சைக் கொடுத்தார். அப்போதும் தசை சுருங்கியது! பாஸ்போகிரியேட்டின் தீரும்வரை சுருங்கிக்கொண்டே இருந்தது. நோபல் பரிசு பெற்ற லாக்டிக் அமிலக் கொள்கை எட்டே வருடத்தில் ஆட்டம் கண்டது. பிறகு 1934-ல் லோமனும், 1939-ல் சோவியத் நாட்டின் எங்கல்ஹார்ட் தம்பதியும், 1941-ல் லிப்மனும் ஒவ்வொரு இழையாகப் பிரித்துக் காட்டினார்கள். தசைக்கு நேரடியாகச் சக்தி கொடுப்பது ஏ.டி.பி. ஒன்றுதான். மற்றதெல்லாம் அந்த ஏ.டி.பி.யை மறுபடி உண்டாக்கிக் கொடுக்கும் ஏற்பாடுகள்.

ராஜகிரிப் படிகளில் வரவு செலவு

இப்போது அந்த ஏற்பாட்டை ராஜகிரிப் படியில் வைத்துப் பார்ப்போம். ஒரு கடையின் வரவு செலவுபோல நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

ஏ.டி.பி. என்பது கல்லாப்பெட்டியில் இருக்கும் ரொக்கம். தசை எந்தச் செலவையும் ரொக்கமாக மட்டுமே செய்யும். ஆனால் இந்தக் கல்லாப்பெட்டி மிகவும் சிறியது. ஒரு மனிதனின் முழு உடம்பிலும் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. ஏறக்குறைய 100 கிராம் அளவுதான். முழு வேகத்தில் வேலை செய்தால் தசையில் உள்ள இருப்பு இரண்டு மூன்று விநாடிகளுக்கே வரும். நாலாவது படியில் தீர்ந்துவிடும்!

தீராமல் இருக்க முதலில் கைகொடுப்பது பாஸ்போகிரியேட்டின். அது சட்டைப் பையில் இருக்கும் பணம் மாதிரி. உடனே எடுத்துக் கல்லாவில் போடலாம். ஆனால் சுமார் பத்து விநாடிக்குத்தான் தாங்கும். நூறு மீட்டர் ஓட்டக்காரர் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓடுகிறார்.

அடுத்தது கிளைகோஜன். தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். இதை ஆக்சிஜன் இல்லாமலும் உடைக்கலாம். வேகமாகப் பணம் வரும், ஆனால் நஷ்டத்துக்கு விற்பதுபோல. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 2 ஏ.டி.பி. தான் லாபம். செங்குத்தான படிகளில் ஒரே மூச்சாக ஓடி ஏறுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் கால் கனத்துப்போய் நின்றுவிடுகிறார்கள்.

நிதானமாக ஏறுகிறவர் கதை வேறு. நுரையீரலும் இதயமும் வேகத்தைக் கூட்டி ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அது வந்த பிறகு செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் அதே குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. எடுத்துத் தருகின்றன. பதினைந்து மடங்கு! அதோடு கொழுப்பையும் எரிக்க முடிகிறது. கொழுப்பு என்பது வங்கியில் போட்டு வைத்த பெரிய வைப்பு நிதி. ஒல்லியான ஆளிடம்கூடப் பல நாள்களுக்கு வரும். ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாது, மெதுவாகத்தான் வரும். ஏறத் தொடங்கிய சில நிமிடம் மூச்சு முட்டுவதும், பிறகு நடை ஒரு சீருக்கு வருவதும் இதனால்தான். ஊர்ப் பெரியவர்கள் "மலை ஏறும்போது ஆரம்பத்திலேயே ஓடாதே" என்று சொல்வதற்குள் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

இந்தச் சிறிய கல்லாப்பெட்டியில் ஒரு நாளில் புழங்கும் தொகை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய அந்த மனிதனின் சொந்த எடை அளவு ஏ.டி.பி.! அதாவது ஒரே ஏ.டி.பி. ஒரு நாளில் பல நூறு முறை உடைந்து மறுபடி உருவாகிறது. உடம்பின் பலம் இருப்பில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது. செஞ்சி முற்றுகையில் முகலாயர் கூடாரம் கற்றுக்கொண்டதும் இதுதான். எவ்வளவு பெரிய படையாக இருந்தாலும் தானிய வண்டி வருவது நின்றால் அத்தோடு சரி.

களஞ்சியம் நிறைவதும் பழக்கத்தால்தான்

1966-ல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விசித்திரமான சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளில் இருவரும் ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் வற்றிப்போனது. மிதிக்காத காலில் அப்படியே இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு சாப்பிட்டபோது, வேலை செய்த காலில் மட்டும் இன்னொரு காலைவிட இரண்டு மடங்கு அளவுக்குக் கிளைகோஜன் நிறைந்தது. உழைத்த களஞ்சியத்துக்கே அதிக நெல்!

அடுத்த வருடம், 1967-ல், அமெரிக்காவின் ஹாலோசி எலிகளை மாதக்கணக்கில் ஓடவைத்தார். அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் இரண்டு மடங்கானது. செஞ்சியில் களஞ்சியத்தையும் பயிற்சிக்கூடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியவர்களின் அனுபவ அறிவை இந்த இரண்டு சோதனைகளும் எண்களால் உறுதிப்படுத்துகின்றன. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, நிலவு மறைந்த பிறகு இருட்டில் மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஆட்களை ஏற்றி, விடிவதற்குள் கோட்டையைப் பிடித்தார். எட்டு வருடம் முகலாயரைத் தவிக்க வைத்த கோட்டை ஒரே இரவில் விழுந்தது. அந்த வெற்றிக்குத் துணிச்சலும் எதிரியின் அசட்டையும் காரணங்கள். முந்தைய பகல் முழுவதும் சண்டையிட்ட பிறகும் இரவில் மலையேற முடிந்த கால்களும் ஒரு காரணம்.

பாவம், லாக்டிக் அமிலம்

மறுநாள் வரும் தொடை வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது தவறு. உண்டான லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அது கழிவும் அல்ல. ஒரு தசையில் உண்டானதை இதயமும் வேறு தசைகளும் எடுத்து எரித்துக்கொள்கின்றன என்பதை 1980-களிலிருந்து ஜார்ஜ் புரூக்ஸ் என்பவர் தொடர்ந்து காட்டினார். மறுநாள் வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம். அதுவும் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் அதிகம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. ராஜகிரியில் இறங்கும்போது அவசரப்படாமல் இருப்பது நல்லது.

கணக்கில் வராத பெயர்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்த சுப்பாராவுக்கு என்ன கிடைத்தது? ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் வெளியே வராமல் போனதற்கு பிஸ்க்கின் பொறாமையே காரணம் என்று, 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஹிட்சிங்ஸும் அதே துறையில் மாணவராக இருந்தவர்.

சுப்பாராவ் 1940-ல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்து அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அங்கே அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. அதை ஒட்டிப் பிறந்ததுதான் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட். 1947-ல் யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அவர்கள் தந்ததே. தமிழ்நாட்டில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த யானைக்கால் மாத்திரை இதுதான். கால்கள் எப்படி இயங்குகின்றன என்று கண்டவரே கால்கள் வீங்காமல் காக்கும் மருந்தையும் தந்திருக்கிறார்!

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், நியூயார்க் மாநிலத்தில் உறக்கத்திலேயே காலமானார். சென்னையை விட்டுப் போன பிறகு ஒருமுறைகூட அவர் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி கடைசிவரை இங்கேயே காத்திருந்தார். 1995-ல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. 1997-ல் ஏ.டி.பி. உருவாகும் விதத்தைக் கண்டதற்காக பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஏ.டி.பி. தசையில் இருக்கிறது என்று முதலில் சொன்னவர்களில் ஒருவரின் பெயர், அவர் படித்த சென்னையிலேயே எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. இனி இன்னும் அதிகமான பேர் ராஜகிரியில் ஏறுவார்கள். தண்ணீர் பாட்டிலும் நாலு இட்லியும் இருந்தால் போதும், மெதுவாக ஏறினால் எல்லோராலும் முடியும். நடுவழியில் ஒரு மதில் நிழலில் மூச்சு வாங்க உட்காரும்போது, காலியான பாஸ்போகிரியேட்டின் மறுபடி நிறைந்துகொண்டிருக்கும். அந்த ஓரிரு நிமிடத்தில் தேசிங்கு ராஜனோடு சேர்த்து சுப்பாராவையும் நினைத்துக்கொள்ளலாம்.